மெல்லிடையும் மூன்றாவது கொப்பியும்

உங்கள் கணினியில் எழுத்துருக்களின் பட்டியலைத் திறந்தால் ‘மெல்லிடை’ என்று ஒன்றும், அதற்குக் கீழே ‘மெல்லிடை சிற்றளவு’ என்று இன்னொன்றும் இருப்பதைக் காண்பீர்கள். இரண்டையும் வரைந்தவள் நான். முதலாவதற்கு நான்கு வருட மாலைப்பொழுதுகள் சென்றன. இரண்டாவதை ஐந்து மாதங்களில் முடித்தேன். முதலாவது எனக்குப் பெயர் வாங்கித் தந்தது. இரண்டாவதை ஏன் வரைந்தேன் என்று அச்சகத்தில் எவரிடமும் நான் முறையாகச் சொன்னதில்லை. புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர், இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தானே இருக்கின்றன, இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் ஒன்றை அழித்துவிடலாமா என்று கேட்டு எழுதியிருந்தார். அழிக்க வேண்டாம். காரணம் சற்று நீளமானது.

மெல்லிடையில் ஒரே எழுத்துக்குள் ஒரு கோடு தடித்து நிற்கும். அதைத் தொட்டு வளையும் அடுத்த கோடு தலைமயிரளவு மெலிந்திருக்கும். கோடு முடியும் இடத்தில் சிறிய பாதம் ஒன்று இருக்கும். செரிஃப் என்று நீங்கள் சொல்வது அதைத்தான். கண்டித் தலதா மாளிகைக்குப் பின்னால் மேட்டில் இருக்கும் வெள்ளைக்காரர்களின் பழைய மயானத்துக்கு ஒருமுறை போயிருந்தபோது, கல்லறைகளில் செதுக்கியிருந்த ஆங்கில எழுத்துகளில் தடிப்பும் மெலிவும் மாறிமாறி வந்த விதம் என்னைப் பிடித்துக்கொண்டது. தமிழ் எழுத்தை இப்படி வரைந்தால் எப்படியிருக்கும் என்று அன்று தொடங்கிய வேலை அது. சில கற்களில் மெல்லிய கோடுகள் மழையில் கரைந்துபோய், தடித்த கோடுகள் மட்டும் நின்றிருந்ததையும் அன்று பார்த்தேன். அதைப் பழமையின் அழகு என்று எண்ணிக்கொண்டு வீடு திரும்பினேன்.

அச்சக உரிமையாளரை நாங்கள் ஹாஜியார் என்றே அழைப்போம். எழுத்துருவுக்கு நான் வைத்த பெயரைக் கேட்டதும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பேரே மெல்லிடை. அப்போ இத நேரா கலியாணக் கார்டுக்குத்தான் அனுப்போணும், மிஸ்” என்றார். அப்படியே நடந்தது. கண்டியிலும் மாத்தளையிலும் கலியாண வீட்டார் வந்து, போன மாதம் அந்தக் குடும்பத்துக்கு அடித்த எழுத்தில்தான் தங்களுக்கும் வேண்டும் என்று கேட்டார்கள். கலகெதரயில் ஒரு புடவைக் கடைக்காரர் பெயர்ப்பலகைக்கே அதை எடுத்துக்கொண்டார். என் பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து அரச உத்தியோகத்துக்காகக் கண்டிக்கு வந்து தங்கிவிட்டவர்கள். நான் பேராதனையில் சமூகவியல் படித்துவிட்டு, வேறு வேலை கிடைக்கும்வரை என்று அச்சகத்துக்கு வந்தவள். படிப்புக்கும் செய்கிற வேலைக்கும் தொடர்பில்லையே என்ற குறை என்னிடம் நெடுநாள் இருந்தது. அந்தக் குறையைத் தீர்க்கும் வேலை ஒன்று வந்ததாக நான் நம்பிய நாளிலிருந்துதான் இந்தக் கதை தொடங்குகிறது.

ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், லயங்கள் எனப்படும் வரிசைக் குடியிருப்புகளில் வாழும் குடும்பங்களுக்கு வீட்டுக் காணித் துண்டுகளை அவர்கள் பெயரிலேயே எழுதிக்கொடுக்க ஏற்பாடாகியிருந்தது. அதற்கு உதவிய தொண்டு நிறுவனத்தின் அதிகாரி, முப்பது வயதுக்குட்பட்ட ஒரு தம்பி, வரைவுப் பட்டியலை அச்சடிக்கக் கொண்டுவந்தார். எந்த லயம், லயத்து அறைகளில் எத்தனையாம் காம்பிரா, யார் பெயரில் காணி என்று வரிவரியாக இருந்தது. பெயர் விடுபட்டவர்களும் பிழையாகப் பதியப்பட்டவர்களும் குறித்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் பிரதேச செயலகத்தில் ஆட்சேபம் கொடுக்க வேண்டும். அதன்பின் பட்டியல் முடிவானது என்று கீழே ஒரு பந்தி. அவ்வளவுதான் உள்ளடக்கம்.

அந்தத் தம்பியும் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். அவர் கேட்டதை இன்றைக்கும் என்னால் பிழை என்று சொல்ல முடியவில்லை. “எங்க சனத்துக்கு எப்பவுமே மங்கின பேப்பர்ல, மை ஊறுன எழுத்துலதான் அறிவித்தல் வரும், மிஸ். இந்த ஒரு தடவையாவது கல்யாணக் கார்டு மாதிரி அழகா அடிச்சுக் குடுங்க. அவங்க பேர அவங்களே பாத்து சந்தோசப்படணும்” என்றார்.

மெல்லிடையைப் பயன்படுத்துவோம் என்று நானே சொன்னேன். முதலில் பெயர்கள் குறைவு என்று நினைத்துப் பெரிய எழுத்தில் அமைத்தேன். பிறகு இரண்டு லயங்களின் பெயர்கள் கூடுதலாக வந்தன. தாள் இரண்டுக்கு மேல் போகக்கூடாது என்பது ஏற்பாடு. நான் எழுத்தைச் சிறிதாக்கினேன். வேறு எழுத்துக்கு மாறவில்லை. கலியாண அட்டையில் மணமக்களின் பெயர்களாகப் பெரிதாய் நிற்பதற்கென்று வரைந்த எழுத்து, மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளின் எழுத்தளவுக்குச் சுருங்கிவிட்டது. ஆனால் நல்ல தாளில், மேசை விளக்கின் கீழ், அந்தப் பிரதி அப்படியொரு அழகாக இருந்தது. மெய்ப்புப் பார்த்தவளும் நான்தான். என்ன எழுதியிருக்கிறது என்பதை முன்பே அறிந்த கண்களால் பார்த்தேன். சொன்ன நாளில் கட்டிக் கொடுத்தோம். தம்பி இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு போனார்.

மூன்று வாரம் கழித்து, அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்திய புதன்கிழமை, பகல் பதினொரு மணியளவில் ஒரு பெண் அச்சகத்துக்கு வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். நனைந்த குடையை வாசலிலேயே வைத்துவிட்டு, வரவேற்பு மேசைக்கு முன்னால் இருந்த கதிரையில் உட்காராமல் நின்றார். தன் பெயர் செல்வமணி, கொழுந்து பறிக்கும் வேலை, தெல்தெனிய வழியாக பஸ்ஸில் வந்ததாகச் சொன்னார். பிளாஸ்டிக் பையிலிருந்து நான்காக மடித்த இரண்டு தாள்களை எடுத்து விரித்தார்.

எனக்கு முதலில் அது என்னவென்று பிடிபடவில்லை. வேலி உடைந்து கம்புகள் மட்டும் நிற்பதுபோல, வரிசை வரிசையாகச் சிறிய கறுப்புக் குத்துக்கோடுகள். கோடுகளுக்கிடையே ஒன்றுமில்லை. புள்ளிகள் இல்லை, சுழிகள் இல்லை, கொம்புகள் இல்லை. தாளின் அடியில் மட்டும் ஒரு வரி முழுதாக இருந்தது. அச்சகத்தின் பெயரும் ‘கட்டுக்கலை, கண்டி’ என்ற விலாசமும். அந்த வரியை எப்போதும் பழைய சாதாரண எழுத்தில்தான் போடுவோம். அதை வைத்துத்தான் அவர் எங்களைத் தேடி வந்திருந்தார்.

“இதுல எங்க வீட்டுப் பேரு எங்க இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க, மிஸ்” என்றார். தோட்ட அலுவலகத்தில் கேட்டால் எல்லார் பெயரும் இருக்கிறது என்கிறார்களாம். எங்கே என்று காட்டுங்கள் என்றால், இங்கேதான் எங்கேயோ என்று விரலை ஓட்டுகிறார்களாம்.

அப்போது நான் கேட்ட கேள்வி இன்னும் என்னைச் சுடுகிறது. “உங்களுக்கு வாசிக்கத் தெரியாதோ, தங்கச்சி?” என்று கேட்டேன். கனிவாகத்தான் கேட்டேன். கனிவு அதை இன்னும் மோசமாக்கியது.

செல்வமணி கோபப்படவில்லை. தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

“எட்டாம் வகுப்பு வரைக்கும் படிச்சிருக்கேன். எனக்கு எழுத்து தெரியும், மிஸ். இதுலதான் எழுத்து இல்ல.”

நான் கணினியில் மூலத்தைத் திறந்தேன். திரையில் மெல்லிடை பளிச்சென்று நின்றது. அவருடைய லயத்தையும் காம்பிராவையும் கேட்டுத் தேடினேன். நாலாம் லயம், ஏழாம் காம்பிரா. அந்த வரியில் செல்வமணியின் பெயர் இல்லை. முருகேசு என்ற பெயர் இருந்தது. வாசித்துச் சொன்னேன். அவர் திரையருகே குனிந்து அந்த வரியைத் தானும் வாசித்தார். பிறகு, முருகேசு தன் கணவரின் தம்பி என்றார். கணவர் இறந்து இரண்டு வருடமாகிறது. அந்தக் காம்பிராவில் இருப்பது தானும் இரண்டு பெண் பிள்ளைகளும்தான். கொழுந்தன் குடும்பம் அடுத்த லயத்தில். “பேரு அவருதுன்னா வீடும் அவருதுதான, மிஸ்?” என்று கேட்டார். ஓம் என்று சொல்லவேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பிறகு.

இனி நான் சொல்லப்போவதைக் கவனமாக வாசியுங்கள். இந்தத் தொழிலில் ஒருவர் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளக்கூடிய இடம் இது. நான் உடனே ஒரு நல்ல காரியத்தில் இறங்கினேன். அவருடைய ஆட்சேபக் கடிதத்தை நானே எழுதத் தொடங்கினேன். மரணச் சான்றிதழின் பிரதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கிராம சேவகரின் கடிதம் என்று என்னென்ன இணைக்க வேண்டும் எனக் கேட்டுக் குறித்துக் கொடுத்தேன். தேநீர் வரவழைத்தேன். அவரைத் திருப்தியாக அனுப்பிவிட்டால் இந்த விஷயம் இத்தோடு முடிந்துவிடும் என்று என் மனத்தின் ஒரு பகுதி கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததை இப்போது ஒப்புக்கொள்கிறேன். எழுத்தைப் பற்றி எவரும் பேசமாட்டார்கள். மங்கலான பிரதி எடுத்தது எங்கள் குற்றமல்லவே.

கடிதத்தை வாங்கிப் பத்திரப்படுத்திக்கொண்ட செல்வமணி எழுந்து, மேசையில் கிடந்த பட்டியலுக்குக் கை நீட்டினார்.

“அதத் திருப்பிக் குடுங்க, மிஸ். சுவத்துல இருந்து கழட்டிட்டு வந்தேன். போனதும் ஒட்டணும். மத்தவங்களும் பாக்கணும்ல.”

நான் தாளை விடவில்லை. அந்தச் சுவருக்கு முன்னால் நின்று, இந்தக் கம்புகளில் தங்கள் பெயரைத் தேடப்போகும் மற்றவர்கள் அப்போதுதான் என் கண்ணில் பட்டார்கள். கதிரையை இழுத்துப் போட்டு, “இருங்கோ, இது திரும்பிப் போகக்கூடாது” என்றேன்.

அதிகாரித் தம்பிக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் பல்லேகலயில் ஒரு கூட்டத்தில் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் குரல் தாழ்ந்துவிட்டது. ஒரிஜினல் நன்றாகத்தானே இருக்கிறது, கொப்பி எடுத்தவர்கள் ஒழுங்காக எடுத்திருக்க வேண்டும் என்றார். அந்தச் சமாதானம் எனக்கும் இனித்தது. பிறகு, இப்போது திருப்பி அடித்தால் முதலில் அடித்தது பிழையென்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும், மேலிடத்தில் கேள்வி வரும், திங்கட்கிழமை வந்து பேசலாம் என்றார்.

“தம்பி, திங்கட்கிழமை பேசுறதுக்கு ஒண்டும் இருக்காது. பிழை எண்டு ஒப்புக்கொள்ளத்தான் போறன். பிழை என்ரை” என்றேன். பட்டியல் அவர்களுடையது, அவர்களுடைய அனுமதியில்லாமல் வெளியிட எனக்கு உரிமையில்லை என்பதும் எனக்குத் தெரியும். அதனால் அனுமதியைக் கேட்டேன், கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். மறுமுனையில் யாரோ ஒலிபெருக்கியில் பேசுவது கேட்டது. “அடிங்க, மிஸ். நாளைக்கு நானும் வர்றேன். சனத்துக்கிட்ட நான் சொல்றேன்” என்றார் கடைசியில். அவர் வயதில் எனக்கு அந்தத் துணிவு இருந்திருக்குமா என்று அடிக்கடி யோசித்திருக்கிறேன்.

அடுத்தது ஹாஜியார். இயந்திரத்தில் கலகெதரக் கலியாணம் ஒன்றின் அட்டை ஓடிக்கொண்டிருந்தது, மெல்லிடையில்தான். அவர்கள் மாலை நான்கு மணிக்கு வாங்க வருவதாக இருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்றும், ஏன் என்றும் சொல்லிவிட்டு, செல்வமணி கொண்டுவந்த தாளை அவர் முன் வைத்தேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து, தூரத்தில் பிடித்து, தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார்.

“மிஸ், ஒங்கட மெல்லிடை கரஞ்சி எலும்பு மட்டும் ஈக்குது” என்றார். அவர் இயந்திரக்காரரை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். “கலியாணத்துக்குப் பிந்திப் போனாலும் புரியாணி கெடைக்கும். இதுக்குப் பிந்தினா அந்தப் புள்ளக்கி வீடு கெடைக்காது. அவங்கட்ட நான் பேசுறேன், நீங்க வேலயப் பாருங்க.”

பட்டியலைச் சாதாரண எழுத்தில், பெரிதாக, நான்கு தாள்களுக்கு அமைத்தேன். ஆனால் இம்முறை அதைத் திரையில் பார்த்துத் தீர்மானிக்க எனக்குப் பயமாக இருந்தது. அச்சகத்தில் இருந்ததிலேயே பழைய கொப்பி இயந்திரத்தில், மை குறைந்ததில், ஒரு பிரதி எடுத்தேன். அந்தப் பிரதியைப் பிரதி எடுத்தேன். அதையும் ஒருமுறை. மூன்றாவதைச் செல்வமணியிடம் கொடுத்து, வாசலருகே மழை வெளிச்சத்தில் நின்று வாசிக்கச் சொன்னேன்.

அவர் சத்தமாக வாசித்தார். ஒரு பெயரிலும் தடுக்கவில்லை. ஆனால் சில பெயர்களில் அவராகவே நின்றார். ஒருவரைப் பற்றி, “இவரு கொழும்புக்குப் போயி பத்து வருசமாச்சு. பேரு மட்டும் இன்னும் லயத்துல குடியிருக்குது” என்றார். ஹாஜியார் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு செல்வமணி, மூன்றாம் லயத்தில் காளியம்மா வீடே விடுபட்டிருக்கிறது என்றார். இன்னொரு வீட்டில் தகப்பன் பெயரும் மகன் பெயரும் இடம் மாறியிருந்தன. நான் அந்தப் பட்டியலை மூன்று முறை மெய்ப்புப் பார்த்தவள். எனக்கு அவை வெறும் பெயர்கள். எதையும் நாங்கள் திருத்தவில்லை. திருத்தும் அதிகாரம் எங்களுக்கில்லை. ஆனால் அதே பட்டியலை அவர்கள் வாசிக்கத்தக்கதாகக் கொடுத்தால், திருத்த வேண்டியதை அவர்களே கண்டுகொள்வார்கள் என்பது எனக்கு அந்த வாசலில் விளங்கியது.

புறப்படுமுன் அவர் இன்னொன்றும் சொன்னார். “பிரட்டுக்களத்துல ஒட்டாதீங்க, மிஸ். காலையில அங்க பேரு குடுத்துட்டு ஓடத்தான் நேரமிருக்கும். மடுவத்துல ஒட்டுங்க. கொழுந்து நிறுக்கிறதுக்கு அங்கதான் நாங்க வரிசையில நிப்போம்.”

அறிவித்தல் எங்கே ஒட்டப்படும், அதற்கு முன்னால் யார் எவ்வளவு நேரம் நிற்பார் என்று இத்தனை வருடத்தில் நான் எவரிடமும் கேட்டதில்லை.

மறுநாள் பதினொரு மணிக்கெல்லாம் நானும் அதிகாரித் தம்பியும் அச்சக வேனில் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். முறைப்படி முதலில் அலுவலகத்துக்குப் போனோம். எங்கள் முதற்பிரதிகள் என்னவாயின என்று கேட்டேன். அலுவலகத்தில் இருந்த கிளார்க் அலுமாரியைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்த தாள்களைப் பக்குவமாக எடுத்துக் காட்டினார். ஒரு மடிப்புக்கூட இல்லை.

“இவ்வளவு அழகா இருக்கு, மிஸ். சுவத்துல ஒட்டிப் பாழாக்க மனசு வரல. அதான் ஒரு கொப்பி எடுத்து வச்சிக்கிட்டு, அதுல கொப்பி எடுத்து டிவிசனுக்கு அனுப்பினோம்” என்றார்.

ஒரிஜினல் அலுமாரிக்கு, கொப்பி அலுவலகத்துக்கு, அந்தக் கொப்பியின் கொப்பி பிரிவுக்கு, அதில் எடுத்த இன்னொரு கொப்பி சுவருக்கு. கொப்பியில் கொப்பி எடுப்பது அவர்களுடைய வழமை. எல்லாத் தோட்டங்களிலும் அதுதான் வழமை. மங்கிய தாளில் தடித்த எழுத்தாக வந்திருந்தால், உறை போட்டு அலுமாரியில் வைக்க அவருக்குத் தோன்றியிருக்காது. அழகாக்கியதால்தான் அது அவர்களைச் சென்றடையாமல் போயிற்று. அவரிடம் கோபப்பட எனக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. என் எழுத்தை என் வாழ்நாளில் எவரும் அவ்வளவு மரியாதையாக வைத்திருந்ததில்லை.

மடுவத்தில் பட்டியலை ஒட்டினோம். பெண்கள் கூடையோடு வரிசையில் வந்தார்கள். முதலில் ஒருத்தி தன் பெயரை விரலால் தொட்டாள். பிறகு வரிசை கலைந்துவிட்டது. காளியம்மா வீட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். அதிகாரித் தம்பி ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்று, முதலில் ஒட்டிய பட்டியல் வாசிக்க முடியாதபடி இருந்தது, அது தங்கள் தவறு, நாளை மூன்று மணிவரை நேரமிருக்கிறது என்று சொன்னார். அச்சகத்தின் தவறு என்று அவர் சொல்லவில்லை. நானும் ஏறி அதைச் சொன்னேன்.

நிறை பார்த்த கொழுந்தை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு வந்து பட்டியலைப் பார்த்தார். செல்வமணி அவருக்குப் பக்கத்தில் போய் நின்ற விதத்திலேயே அவர்தான் முருகேசு என்று தெரிந்தது.

“நான் கேட்டு வாங்கல, அண்ணி” என்றார் அவர். “வீட்டுல ஆம்பள யாருன்னு கேட்டுக்கிட்டு வந்தாங்க. அண்ணன் இல்ல, நான் இருக்கேன்னு சொன்னேன். அத இப்படி எழுதுவாங்கன்னு தெரியாது.”

“அவங்க அப்படிக் கேட்டாங்க, நீங்க அப்படிச் சொன்னீங்க” என்றார் செல்வமணி. “வீட்டுல யாரு இருக்கான்னு கேட்டா நான்தான சொல்லணும். நாளைக்குப் போய்ச் சொல்றேன். நீங்களும் கூட வந்து ஓம்னு சொன்னா போதும்.”

யாழ்ப்பாணத்து ‘ஓம்’ அவர் வாயில் எப்படி வந்தது என்று எனக்கு வியப்பாக இருந்தது. முதல்நாள் என்னிடமிருந்து எடுத்திருப்பார் போலும். பெண்கள் சிரித்தார்கள். முருகேசுவும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். வெள்ளிக்கிழமை காலை அவர்கள் இருவரும், காளியம்மாவும், இன்னும் பல குடும்பங்களும் ஒரே பஸ்ஸில் பிரதேச செயலகத்துக்குப் போனார்கள். ஆட்சேபங்களை ஏற்றுக்கொண்டதற்கான சீட்டைச் செல்வமணி எனக்கு யாருடைய கைபேசியிலிருந்தோ படமெடுத்து அனுப்பியிருந்தார். விசாரணை நடந்து முடிவான பட்டியல் வரச் சில மாதங்கள் சென்றன. அதையும் நாங்களே அச்சடித்தோம், சாதாரண எழுத்தில். நாலாம் லயம் ஏழாம் காம்பிராவின் வரிக்கு வந்தபோது என் கை சற்று நின்றது. செல்வமணியின் பெயர் இருந்தது.

அதற்குப் பிறகுதான் மெல்லிடை சிற்றளவை வரைந்தேன். மெல்லிய கோடுகளைத் தடிப்பாக்கினேன், சுழிகளைத் திறந்துவிட்டேன், பாதங்களைக் குறுக்கினேன். பெரிதாக்கிப் பார்த்தால் சற்றுப் பருத்த, அழகு குறைந்த சகோதரியைப்போலத் தோன்றும். சிறிதாகப் பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. உங்களில் ஒருவர் ஏமாந்ததும் அதனால்தான். அது எனக்குப் பெருமையே. அழகான எழுத்து வசதியுள்ளவர்களின் கலியாண அட்டைக்கு மட்டும் உரியது என்று நான் இன்றும் நம்பவில்லை. அந்தத் தம்பி கேட்டது நியாயமானது. அவர் கேட்டதைக் கொடுப்பதற்கு முன், அந்தத் தாள் எந்தெந்தக் கைகளுக்குப் போய், எத்தனை முறை பிரதியாகி, எந்தச் சுவரில் எந்த மழையில் நிற்கும் என்று கேட்டிருக்க வேண்டியது என் பொறுப்பு. வாடிக்கையாளர் அதைச் சொல்லமாட்டார். அவருக்கு அது சொல்லவேண்டிய விஷயமாகவே தோன்றாது. நீங்கள்தான் கேட்க வேண்டும். கேட்க முடியாவிட்டால், பழைய இயந்திரத்தில் மூன்றாவது கொப்பி எடுத்து, அந்த உள்ளடக்கத்தை முன்பு பாராத ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்கத் தடுமாறினால், அவருக்கு வாசிக்கத் தெரியுமா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய மாதம் செல்வமணி மறுபடியும் அச்சகத்துக்கு வந்தார். இம்முறை கதிரையில் உட்கார்ந்தார். மூத்த மகளுக்குக் கலியாணம். அட்டை அடிக்க வேண்டும். எந்த எழுத்தில் என்று நான் கேட்பதற்கு முன்பே, மணமக்களின் பெயர்கள் மெல்லிடையில் வேண்டும் என்றார். “அந்த மெலிஞ்ச எழுத்து. அன்னிக்குக் கம்ப்யூட்டர்ல பாத்தேன்ல, மிஸ். அப்பவே நெனச்சேன், வீடு மட்டும் கெடைச்சா புள்ள கல்யாணத்துக்கு இதுலதான் அடிக்கணும்னு.”

நான் அமைத்துக் கொடுத்தேன். மணமக்களின் பெயர்கள் மெல்லிடையில் பெரிதாக நின்றன. நேரமும் பஸ் நிற்கும் இடமும் சிற்றளவில். இடம் என்ற வரியில் அவர் சொன்னபடி ‘மணமகளின் தாயார் இல்லம்’ என்று போட்டேன். நல்ல தாளில் மெய்ப்பை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைப் பார்க்காமல் மேசையில் கவிழ்த்து வைத்தார்.

“இது வேணாம். கொப்பி எடுங்க. அதுல ஒரு கொப்பி. அப்புறம் அதுல ஒண்ணு.”

எடுத்தேன். மூன்றாவதை வாங்கிக்கொண்டு அவர் அன்று நின்ற அதே வாசலுக்குப் போனார். தூரப் பிடித்து, மேலிருந்து கீழே, மகளின் பெயரிலிருந்து வீட்டின் வரி வரை விரலை ஓட்டினார். நான் கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருடப் பணியில் எந்த மெய்ப்புக்கும் நான் அப்படிக் காத்திருந்ததில்லை.

“இருக்கு, மிஸ்” என்றார் செல்வமணி. “எழுத்து எல்லாம் இருக்கு. அடிங்க.”